காம்பஸுக்குப் பின்னால்

தவசிமுத்து மோட்டாருக்குள் செம்புக் காயில் கட்டுகிறவர். ஐம்பத்தொன்பது வயது. ஜெசிந்தா சின்ன விமானங்களுக்குக் கருவி பொருத்துகிறவள். முப்பத்திரண்டு வயது. இதில் ஜெசிந்தாதான் குரு. வயதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தவசிமுத்துவின் மகள் இசக்கி சொந்தமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் உட்காரலாம். நாலு வருஷ வேலை. இறக்கை முடிந்தது, இஞ்சின் ஏறியது, பேனல் மட்டும் பாக்கி. பேனல் என்றால் ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே கருவிகளெல்லாம் உட்காரும் தகடு. அந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதே நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பழைய ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்த ஜெசிந்தாவின் தகரக் கொட்டகைக்கு அவர் வந்தார்.

"டீச்சர், பேனல் மாட்டக் கத்துக்கணும்."

"நானே மாட்டித் தாரேன் அண்ணாச்சி. இசக்கி நமக்குத் தெரிஞ்ச பிள்ளைதானே."

"நீங்க மாட்டுனா அது உங்க வேலை. நான் மாட்டணும்."

ஜெசிந்தா தலையாட்டினாள்.

"இன்னொண்ணும் கேக்கணும்."

"கேளுங்க."

"நெஞ்சுக்குள்ள ஒண்ணு கெடந்து அறுக்கு. இது எப்போ நிக்கும்?"

ஜெசிந்தா ஒரு பழைய ஃபேன் பெட்டியைக் கிழித்து அவர் முன்னால் போட்டாள்.

"முதல்ல இந்த அட்டையைப் பேனல் அளவுக்கு வெட்டுங்க."

இதெல்லாம் ஒரு பதிலா? அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வெட்டினார்.

இசக்கி காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்து, எந்தக் கருவி எங்கே என்று அட்டையில் வட்டமும் கட்டமும் போட்டார். அட்டையை விமானத்தில் செருகினார்கள். முதல் தடவை பறக்கப் போவது ஜெசிந்தா. அதனால் அவள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரேடியோ எங்க இருக்கணுமோ அங்க தொடுறேன், பாருங்க."

அவள் விரல் கட்டத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றது.

"எங்கிட்ட தள்ளி வைக்கணும் அண்ணாச்சி."

"இசக்கி வரைஞ்சதுல அங்கதான இருக்கு."

"அவளுக்குக் கை நீளம். எனக்கு எட்டல."

தவசிமுத்து அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு வேறு இடத்தில் போட்டார். ஒரு சின்னக் கட்டம்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ரெண்டு மாசம் நிஜத் தகடு. வெட்டு, அரம் போடு, மறுபடி வெட்டு. வேகம் காட்டுவது, உயரம் காட்டுவது, ரேடியோ, எல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நடு உச்சியில், திசை காட்டும் காம்பஸ்.

"முன்பக்கத்தை யார் வேணாலும் அழகா செய்வாங்க," என்பாள் ஜெசிந்தா. "பின்பக்கத்தைக் காட்டுங்க."

பின்பக்கம் வயர்க் காடு. தவசிமுத்து அதையெல்லாம் நாலு நாலாகப் பிரித்து, காயிலுக்குக் கட்டுகிற நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தார். ஜெசிந்தா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"யப்பா! கல்யாணப் பொண்ணுக்கு ஜடை பின்னுன மாதிரில்லா இருக்கு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல டீச்சர்," என்றார் அவர்.

பரவாயில்லை என்பது பொய்.

மறுநாள் காலையில் காம்பஸ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தார்கள். தரையில் பெரிய வட்டம் போட்டு, முப்பது டிகிரிக்கு ஒரு கோடு, மொத்தம் பன்னிரண்டு. தவசிமுத்து வாலைப் பிடித்துத் தள்ளி ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக விமானத்தை நிறுத்துவார். ஜெசிந்தா உள்ளே இஞ்சினையும் ரேடியோவையும் போட்டு, காம்பஸ் என்ன காட்டுகிறது என்று பார்ப்பாள்.

வடக்கே சரி. கிழக்கே சுமார். மேற்கே இருபத்தி நாலு டிகிரி தப்பு.

"இரும்பு எங்கயோ இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

மூன்று நாள் தேடினாள். பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்குருவையெல்லாம் கழற்றிப் பித்தளை போட்டாள். ஸ்பீக்கரைத் தூரத் தள்ளினாள். ரேடியோவை வெளியே எடுத்தே பார்த்தாள். மேற்கே அதே இருபத்தி நாலு. காம்பஸின் பின்னால் இருக்கும் இடுக்கை மட்டும் அவள் பார்க்கவில்லை. அங்கே தவசிமுத்து கட்டியதைத் தவிர ஒன்றும் இல்லை, அவர் கட்டில் குறை இருக்காது என்று நம்பினாள்.

தவசிமுத்து கூடவே நின்று ஸ்குரு எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெசிந்தா ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஏறிர வேண்டியதுதான்," என்றாள். "வெயில் இருந்தா கண்ணே போதும். பாத்துக்கலாம்."

"எந்தப் பக்கம் போவீங்க?"

"மேக்கதான். மலை வரைக்கும் போய்ட்டுத் திரும்புவேன்."

"சாரல் எறங்கிட்டா?"

"எறங்கிட்டா மலை தெரியாது. அப்ப அந்த ஊசிதான்."

தவசிமுத்து மலையைப் பார்த்தார். பாதி மலையை ஏற்கெனவே மேகம் தின்றிருந்தது.

"டீச்சர்."

"ம்."

"பின்னாடி நான் ஒண்ணு வச்சிருக்கேன்."

"எதுக்குப் பின்னாடி?"

"காம்பஸுக்கு."

அவள் எழுந்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பேனலுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நுழைந்தாள். வெளியே வந்தபோது அவள் விரலில் ஒரு கறுப்பு முடி கிளிப் இருந்தது. வயர் கட்டுகிற நூலால் அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தார்.

"இசக்கிதா?"

"ம். என் டூல் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. ஸ்பீக்கர் காந்தத்துல ஒட்டிக்கிட்டு. ஜடைன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்குச் சாயங்காலம்..."

"காயில் கட்டுறவரு. காந்தத்துலயே பொழைக்கிறவரு. இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"முதல் நாளே."

ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முதல் நாளே! நான் மூணு நாளா நாய் மாதிரி ஸ்குரு நோண்டிக்கிட்டுக் கெடக்கேன், நீரும் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கீரு! நாளைக்கு அந்த சீட்ல உக்காரப் போறது யாரு? உம்ம பிள்ளை போய்ட்டாள்னு எங்க அம்மா பிள்ளையையும் அனுப்பப் பாத்தீரா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மகள் ஒரு தடவையாவது மேலே போகட்டும் என்றுதான் வைத்தார். வேறு யார் உயிரும் அவர் கணக்கில் வரவில்லை. அதுதான் நிஜம்.

அழுதார். சத்தம் இல்லாமல் எல்லாம் இல்லை. சத்தமாகத்தான்.

ஜெசிந்தா தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கோபம் முழுசாகப் போகவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ஏறி உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான். மேக்கப் பாத்து நிக்குது. காம்பஸையே பாருங்க."

அவர் ஏறினார். அவள் கிளிப்பைக் காம்பஸுக்குப் பின்னால் பிடித்தாள். ஊசி தப்பாக நின்றது. மெதுவாக வெளியே எடுத்தாள்.

ஒரு முழம்கூடப் போகவில்லை. ஊசி ஒரு ஆட்டம் ஆடி, சரியான இடத்துக்குத் திரும்பிவிட்டது.

தவசிமுத்துவுக்கு ஊசி மேலேயே ஆத்திரம் வந்தது. இவ்வளவு சீக்கிரமா? ஒரு முழம்தானா?

"திரும்பிட்டா?" என்று கேட்டாள்.

"திரும்பிட்டு," என்றார். சொல்லவே பிடிக்கவில்லை.

அவள் கிளிப்பை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"எறங்கி, அந்தா நிக்கிற பனை வரைக்கும் போய் வச்சுட்டு வாங்க. மறுபடி பன்னெண்டு கோடும் பாக்கணும்."

அவர் நடந்தார். பனை மூட்டில் துண்டை விரித்து, அதன் மேல் கிளிப்பை வைத்தார். காற்றில் போய்விடாமல் ஒரு கல்லும் வைத்தார். வெறும் தோளோடு திரும்பி வந்து வாலைப் பிடித்தார்.

பன்னிரண்டு கோடு. ஜெசிந்தா பித்தளைத் திருப்புளியால் காம்பஸின் அடியில் இருக்கும் ரெண்டு குட்டி ஸ்குருக்களைத் திருகித் திருகி, இருக்கிற தப்பைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பொழுது சாய்ந்தது. அவருக்கு முதுகு விட்டுப்போயிற்று. அவள் விடவில்லை.

கடைசியில் இஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளங்கை அளவு ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"காம்பஸுக்கு அடியில ஒட்டணும். எந்தத் திசைக்கு இன்னும் எத்தனை டிகிரி தப்புன்னு நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. வடக்க, சரி. கிழக்க, ஒண்ணு. தெக்க, ரெண்டு. மேக்க, மூணு."

பேனா நின்றது.

"மூணா? கிளிப்பத்தான் எடுத்தாச்சே."

"எடுத்தாச்சு."

"ஸ்குருவெல்லாம் மாத்தியாச்சு."

"மாத்தியாச்சு."

"அப்போ இந்த மூணு எப்போ போகும்?"

"போகாது அண்ணாச்சி. அது இஞ்சினோட இரும்பு. அதையும் கழட்டிப் போட்டுட்டா எதை வச்சுப் பறக்கிறது? மேக்க, மூணுன்னு எழுதுங்க."