அகளங்கராயர் விட்டுப்போன செக்கு

முன்பு மணவூர் நாட்டைப் பெருங்கண்டன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அவர் ஆட்சியில் செக்காலைத் தெருவுக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

முதலாவது: அரண்மனை விளக்குகளுக்கு வருஷம் நூறு குடம் எண்ணெய் வரி என்று அந்தத் தெருவுக்கு உத்தரவு வந்தது. செக்கு உள்ள வீடுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது: அதே தெருவில் குடியிருந்த அரசவைப் பிரபு அகளங்கராயர், தன் வீட்டில் செக்கே இல்லை என்று சத்திய ஓலை எழுதிக் கொடுத்தார். அவர் பங்கும் மற்றப் பன்னிரண்டு வீடுகளின் தலையில் விழுந்தது. மூன்றாவது: அவர் மதிலுக்குள் தினமும் விடியற்காலையில் செக்கு கிறீச்சிட்டது. விசாரிக்க வந்த சேவகர்களிடம், "அது ஊஞ்சல் சத்தம்" என்றார். அவர்களும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஊஞ்சல்தான் என்று அவர் சத்திய ஓலையிலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நான்காவது: தெருவார் கொடுத்த மனு அரண்மனை அடுப்பில் எரிந்தது. ஐந்தாவது: ராயர் கோட்டைக்குள் மாளிகை கட்டிக்கொண்டு, பழைய வீட்டை அதே தெருவில் கூலிக்கு எண்ணெய் ஆட்டும் பூவாத்தாளுக்கு இரட்டை விலைக்கு விற்றார். காதுத் தோட்டையும் விற்று அவள் முழு விலையும் கொடுத்தாள். ஆறாவது: அவள் குடிவந்த எட்டாம் நாள் ராயரின் ஆள் வாசலில் வந்து நின்றான்.

"வீட்டைத்தான் விற்றோம். உள்ளே கிடக்கும் செக்கு, ஊஞ்சல், கிணற்று ராட்டினம், ஆட்டுக்கல் இதெல்லாம் விற்கவில்லை. முந்நூறு பொன் எடு. இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு."

"இடுப்பளவு தரையில் புதைந்த கல் செக்கு! அதை மறந்து விட்டுப்போனாராமா உங்கள் ராயர்? வந்து மடியில் கட்டிக்கொண்டு போகச் சொல்!" என்று கதவைச் சாத்தினாள் பூவாத்தாள்.

சாத்திவிட்டு யோசித்தாள். வீடு போனால் தெருவில்தான் படுக்கை. மறுநாள் அவள் அரசவைக்குப் போனாள். தனியாகப் போகவில்லை. ஆள் துணையில்லாமல் போன மனு எந்த அடுப்புக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வீடும் திரண்டு வாசலில் நின்றது.

ராஜாவுக்கு நியாயம் பிடிக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு வேடிக்கை பிடிக்கும். வழக்கைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன ராயரே, ஆட்டுக்கல்லுக்கும் விலையா?"

"மகாராஜா, செக்குக்குத்தான் முக்கிய விலை. அது சாமானியச் செக்கு இல்லை!"

பூவாத்தாள் களுக்கென்று சிரித்தாள். "அந்தக் கல்லா? என்னிடம் காசு பிடுங்க நேற்று எங்கேயோ பொறுக்கி வந்து நட்டதுதானே ராஜா? ஒரு சொட்டு எண்ணெய் கண்டிருக்காது."

"ஏ செக்குக்காரி! வாயை அடக்கு!" ராயருக்கு முகம் சிவந்தது. "நேற்று நட்டதா? என் தகப்பனார் நட்டது! போன மாதம் வரைக்கும் ஒரு நாள் ஓய்ந்ததில்லை!"

"நம்புகிற மாதிரி சொல்லுங்கள், சாமி."

"பதினைந்து வருஷமாக என் கண்ணால் பார்த்துப் பார்த்து ஆட்டிய எண்ணெயடி! இந்த நாட்டிலேயே அதுபோல் செக்கு கிடையாது!"

ராஜா தொடையில் தட்டினார். "பலே! பந்தயம்! ராயர் சொன்னது மெய்யென்றால் இவள் மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் வீடு அவருக்கு. பொய்யென்றால் ராயர் யானைக் கொட்டில் கூட்ட வேண்டும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பூவாத்தாள். "ராயர் சொன்னதை அப்படியே எழுதி முத்திரை வைக்கட்டும்."

ராயர் அழுத்தி முத்திரை வைத்தார். அவள் உடனே கையைக் கூப்பினாள். "நான் தோற்றேன் ராஜா. அவர் சொன்னது அத்தனையும் மெய்."

அவை கொல்லென்று சிரித்தது. ராயர் மீசையை முறுக்கினார்.

"ஒரே ஒரு விண்ணப்பம். எங்கள் தெருவில் ஒருவர் செக்கு விஷயத்தில் ராஜாவிடமே பொய்ச் சத்தியம் செய்து வரியை ஏய்த்திருக்கிறார். அதற்கும் இன்றே தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

"என்னையா ஏய்த்தான்?" ராஜா எழுந்தே விட்டார். "ஜெயித்தவர் சொல்லட்டும். ராயரே, என்ன தண்டனை?"

ராயர் வாழ்நாளில் எழுதிய சத்திய ஓலைகள் ஒன்றா இரண்டா? எது எதற்கு எழுதினோம் என்பது அவருக்கே நினைவில்லை. பன்னிரண்டு வீட்டாரில் எவனோ மாட்டிக்கொண்டான் என்று உற்சாகமாகிவிட்டார்.

"அவனை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்ட வேண்டும், மகாராஜா! ஏய்த்த எண்ணெயை அவனே இழுத்து இழுத்து ஆட்டித் தெருவுக்குக் கொடுக்கட்டும்!"

"சபாஷ்! இன்னும்?"

"விட்டது, வைத்தது, வர வேண்டியது எதிலும் அவனுக்குச் சல்லிக்காசு உரிமை இருக்கக் கூடாது!"

"அப்படியே உத்தரவு! வையும் முத்திரையை!"

மந்திரி சேந்தனார் முத்திரை வைத்துவிட்டு, ஓலைக் கிடங்கிலிருந்து செக்காலைத் தெருவின் தூசி படிந்த ஓலைக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் பூவாத்தாள் தொட்டுக் காட்டிய ஓலையைப் பிரித்தார். முதல் வரியிலேயே அவர் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு ராஜாவிடம் நீட்டினார். ராஜா படித்தார். ராயரைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு சிங்காசனம் அதிரச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"பெண்ணே, தோற்று ஜெயித்தவளை இன்றுதான் பார்க்கிறேன். பிடி!"

"மாலை வேண்டாம் ராஜா. அந்த ஓலையை நான் படிக்க வேண்டும். எங்கள் தெரு கேட்க வேண்டும்."

வாசல் கதவுகள் திறந்தன. பன்னிரண்டு வீட்டாரும் உள்ளே வந்து சாட்சியாக நின்றார்கள். ராயர் தூணைப் பிடித்துக்கொண்டார். பூவாத்தாள் ஓலையை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தாள்.

"என் வீட்டில் செக்கு இல்லை. இருந்ததும் இல்லை. கேட்பது ஊஞ்சல் சத்தமே. இது சத்தியம். இப்படிக்கு, செக்காலைத் தெரு, வடக்கு வரிசை, மூன்றாம் வீடு, அகளங்கராயர்."