கொடுக்காத குதிரை

சதுரங்கம் ஆடுகிற இரண்டு பெண்களின் வழக்கு இது. கேட்டதும் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

கோவில்பட்டிச் செண்பகவல்லியும் ஜெபக்கனியும் உயிருக்கு உயிரான சிநேகிதிகள். எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் ஒரே அறை, ஒரே பலகை. அப்படிப் பழகும்போது, கறுப்பு ஆடுகிற தொடக்க வரிசையான சிசிலியன் ஓபனிங்கில் ஒரு பொறியைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளை தன் குதிரையை வெட்டக் கொடுத்தால் கறுப்பு ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை. கொடுக்காவிட்டால், எத்தனை முறை ஆடிப் பார்த்தாலும், காய்களெல்லாம் வெட்டுப்பட்டு ஆட்டம் டிராதான்.

"நமக்குள்ள மட்டும் இதை ஆடக் கூடாதுட்டி" என்றாள் கனி. கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள்.

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. வயது வரம்பில் செண்பகத்துக்கு அதுவே கடைசி ஆண்டு. கனிக்கு இன்னும் ஓர் ஆண்டு பாக்கி. பாழாய்ப்போன கடைசிச் சுற்றில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. ஜெயிப்பவள் அணிக்குப் போவாள். டிராவானால், பக்கத்துப் பலகையில் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட நிலோஃபருக்கு அந்த இடம். இது இருவருக்குமே தெரியும்.

செண்பகத்துக்கு வெள்ளை. கறுப்பில் எப்போதும் பிரெஞ்சு ஓபனிங் ஆடுகிற கனி, அன்றைக்குச் சிசிலியன் ஆடினாள். நேராக அந்தப் பொறிக்கே வந்து நின்றாள். செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'சத்தியத்த மீற மாட்டேன்னு தெரிஞ்சுதானே இந்த வேலை பார்க்கா!' ஆட்டத்தின்போது பேசக் கூடாது என்பது விதி. அவள் தலை நிமிரவே இல்லை. குதிரையையும் கொடுக்கவில்லை. ஆட்டம் டிரா.

வெளியே வந்ததும் கனி அழுதுவிட்டாள். "ஏன்ட்டி குதிரையக் குடுக்கல? உனக்காகத்தானே அங்க வந்து நின்னேன்!"

"சத்தியம் பண்ணினோமேட்டி, பாவி!"

இப்போது சொல்லுங்கள். ஒருத்தி சத்தியத்தைக் காத்தாள், ஒருத்தி மீறினாள். இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், இருவருமே பிசகினார்கள். வேண்டுமென்றே தோற்கத் துணிந்த கனி, நிலோஃபரின் வயிற்றில் அடிக்கப் பார்த்தாள். செண்பகம் குதிரையைக் கொடுக்காதது தப்பில்லை. கனியைச் சந்தேகப்பட்டதுதான் தப்பு. டிராவானால் கனிக்கும் ஒன்றும் கிடையாதே, பிறகு எதற்காக அவள் சத்தியத்தின் பின்னால் ஒளிய வேண்டும்? எவ்வளவோ யோசிக்கத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை. "சத்தியத்துக்காக மாநில அணியையே விட்டவ எங்க செண்பா" என்று கனி இன்றைக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறாள். செண்பகம் அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.