முகில்மேட்டு மதகு

முகில்மேட்டுக்கு வழி கேட்டால் இப்போது ஆடு மேய்ப்பவர்கள்தான் கை காட்டுவார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காய்த் தெருக்கள். கூரையில்லாத வீடுகளுக்குள் காலையில் மேகம் நுழைந்து, சற்று உலவி, வாசல் வழியே வெளியே போகும். எல்லாவற்றுக்கும் மேலே புல் முளைத்த ஒரு குளம். அதன் கரை இன்றும் உடையாமல் நிற்கிறது. அந்தக் குளத்தால் நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர் உயிரோடிருந்த காலத்தில், மழைநீரை அங்கே தேக்கித்தான் கோடையைக் கடப்பார்கள். அதனால் தலைவன் சேந்தன் ஒரு சட்டம் செய்திருந்தான். தன் சொல்லின்றி மதகைத் தொடுபவர் ஊரைவிட்டுப் போக வேண்டும். குளக்காவலன் எயினன் அதைக் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

ஓர் ஐப்பசியில் சேந்தன் உப்பு வாங்கச் சமவெளிக்கு இறங்கினான். அவன் போன பின் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி, அவன் திரும்பும் வழி அடைபட்டது. மேலே குளம் தளும்பியது, கரை கசிந்தது.

கீழ்த்தெருவில் பானை வனையும் கொற்றியின் அக்கா பிரசவ வலியில் கிடந்தாள். கொற்றி நனைந்தபடி மேலே எயினனிடம் ஓடிவந்தாள்.

"மதகைத் திறந்துவிடுங்கள், அண்ணா. கரை போனால் எங்கள் தெருவே போய்விடும்."

"வாக்குக் கொடுத்துவிட்டேன், அம்மா. எல்லாரையும் வெள்ளம் எட்டாத பாறைக்கு மேலே ஏற்றிவிடுகிறேன். உன் அக்காவையும் தூக்கிவருகிறேன்."

"குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில் அவளை எப்படித் தூக்குவீர்கள்?"

எயினன் கீழே ஓடி, நடக்க முடியாதவர்களை ஒவ்வொருவராய் முதுகில் சுமந்து ஏற்றினான். அதற்குள் கொற்றி கடப்பாரையால் மதகுப் பலகையைப் பிளந்துவிட்டாள். நீர் மறுசரிவில் இரைந்து இறங்கியது. பிளந்ததை அடைக்க முடியவில்லை. மழையும் அன்றோடு நின்றது. விடிந்தபோது குளத்தில் சேறுதான் மிச்சம். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

சேந்தன் திரும்பினான். குழந்தையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு கண் கலங்க, கொற்றியை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். அக்காவும் குழந்தையோடு அவள் பின்னே இறங்கினாள்.

கோடையில் ஊர் தவித்தது. கடைசியில் எல்லாரும் சட்டி பானையோடு மலையிறங்கினார்கள். ஆற்றங்கரையில் கொற்றி குடிசை போட்டிருந்தாள். சேந்தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "இங்கே எங்களுக்கும் இடம் இருக்குமா?" என்றான்.

அவள் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கைக் காத்த எயினன், மதகை உடைத்த கொற்றி, சட்டத்தை நிறைவேற்றிய சேந்தன், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கொற்றி என்பேன் நான். கரை உடைந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது; காத்திருந்து தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமில்லை. தண்ணீரைக் காக்கச் சட்டம் செய்ததே உயிர்களுக்காகத்தானே. ஆனால் அக்கா மகள் வளர்ந்து இதே கேள்வியைக் கேட்டபோது கொற்றி வேறு விதமாகச் சொன்னாளாம்: "எயினன் அண்ணன் செய்ததுதான் சரி. அவர் எல்லாரையும் சுமந்தார். நான் உன்னையும் உன் அம்மாவையும் மட்டும்தான் நினைத்தேன்."