மஞ்சளாய்ப் பூத்த புடலங்கொடி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தும்பைநாடு என்றொரு நாடு இருந்தது. அதைக் கங்காதரராயன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் அவருக்குச் சிக்கனம் பிடித்துக்கொண்டது.

“இனி நான் உண்பதை நானே விளைவிப்பேன். உட்காரும் ஆசனத்தையும் நானே செய்வேன்!” என்றார்.

ராஜா சிக்கனமாக வாழ்வதென்றால் லேசான காரியமா? அவர் முக்காலி செய்தபோது, உளி எடுத்துக் கொடுக்க ஒருவன், மரத்தைப் பிடித்துக்கொள்ள நாலு பேர், வியர்வை துடைக்க ஒருவன், ‘ஆகா’ சொல்ல சபை முழுவதும் தேவைப்பட்டது. முக்காலி நின்றது. அதில் உட்காரத்தான் முடியவில்லை. சபையோர் அதற்கு மாலை போட்டு வணங்கினார்கள்.

பிறகு புடலை போட்டார். யாரையும் கேட்காமல் தாமே களஞ்சியத்துக்குள் போய், கைக்கு அகப்பட்ட கலயத்திலிருந்து விதை எடுத்து ஊன்றினார். கொடி பந்தலேறியது, பூத்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது! அதைப் பார்த்த அரண்மனை அதிகாரி திருமேனிநாதருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புடலை வெள்ளையாய்ப் பூக்கும். இது பாகல். ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது? பேசாமல் ஆளனுப்பிச் சந்தையில் புடலங்காய் வாங்கி, ராஜா எழுந்திருக்கும் முன் வாழைநாரால் பந்தலில் கட்டச் செய்தார். பாகல் பிஞ்சுகளைக் கிள்ளி எறியச் சொன்னார். காயைக் கண்டு ராஜா குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டுமே!

அந்தக் காயை விற்றவள் மாயக்கா. உடைந்த பானையில் கீரை, பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாழை, பழைய கூடையில் கோழிக்கூண்டு என்று கையகலக் கொல்லையை வைத்தே குடும்பத்தை ஓட்டுகிறவள். நகர்வலம் போன ராஜா ஒருதரம் அதைப் பார்த்து, “சிக்கனமென்றால் இதுவல்லவா!” என்று சொல்லிவிட்டார். ராஜாவின் புகழ்ச்சி தமக்கு மட்டுமே சொந்தம் என்றிருந்த திருமேனிநாதருக்கு அன்று பிடித்தது வயிற்றெரிச்சல்.

அதனால்தான், ராஜா ஒருநாள் புடலங்காயைத் தடவிக்கொண்டே, “என்னைப்போல் குடிமக்களும் வாழ்ந்தால் என்ன?” என்று கேட்டதும் அவர் முந்திக்கொண்டார்.

“பிரபோ, சந்தை இருப்பதால்தான் மக்களுக்குச் சோம்பேறித்தனம். மூடிவிடலாம்!”

மாயக்காவின் கடை ஒழியுமே என்ற ஆனந்தத்தில், பந்தலுக்குப் புடலங்காய் எங்கிருந்து வருகிறது என்பதையே மனிதர் மறந்துபோனார்.

தண்டோரா கேட்ட மாயக்கா நேரே அரண்மனைத் தோட்டத்துக்கு வந்தாள்.

“மகராசா, சந்தையை மூடினா நாங்க எப்படிப் பொழைக்கிறது?”

“ஏன், உன் கொல்லை இருக்கிறதே?”

“கொல்லையில கீரை வரும், காய் வரும். உப்பு காய்க்குமா சாமி? எம் புள்ளைங்களுக்குத் துணி காய்க்குமா? காயைக் குடுத்துத்தானே அதெல்லாம் வாங்குறேன்.”

“சாக்கு!” என்று பாய்ந்தார் திருமேனிநாதர். “மன்னர் தம் கையாலேயே விளைவித்த காயைப் பார்!”

மாயக்கா அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் பூ. பாகல் இலை. நடுவே அவள் கொல்லைப் புடலங்காய். ‘காம்பை நீளமா விட்டு வெட்டு’ என்று அரண்மனை ஆள் கேட்டு வாங்கியது எதற்கென்று இப்போது புரிந்தது. சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. பந்தலைக் குறை சொன்னால் தலை தங்காது. சும்மா இருந்தால் பிள்ளைகளின் கஞ்சிக்கு உப்பு இருக்காது.

சட்டென்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“ஆத்தாடி, என்ன அழகு! இத்தனை பேரு பார்த்தா கண்ணு பட்டுடாதா? எட்டு நாளைக்குத் தோட்டத்தைப் பூட்டிச் சாவியை உங்க இடுப்புல சொருகிக்கங்க. தண்ணிதான் வாய்க்கால்ல தானாப் பாயுதே. ஈ காக்கா உள்ள போகக் கூடாது. நீங்களும்தான். சொந்தக் கண்ணுதான் மொதல்ல படும். எட்டாம் நாள் இந்தக் கொடியில நல்ல புடலங்காய் தொங்கினா, நானே சந்தை வாசல்ல முள்ளு வெட்டிப் போட்டுட்டு ஊரை விட்டுப் போறேன். இல்லேன்னா சந்தை இருக்கட்டும்.”

ராஜாவுக்குக் காய்மேல் உயிர். உடனே சம்மதித்தார்.

“பூச்சி பொறுக்க அடியேன் மட்டுமாவது...” என்று இழுத்தார் திருமேனிநாதர்.

“உம் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். நீர்தான் முதலில் போகக் கூடாது,” என்றார் ராஜா.

எட்டு நாளும் திருமேனிநாதருக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் கதவைத் திறந்ததும் நாற்றம் வந்து வரவேற்றது. புடலங்காயெல்லாம் அழுகி, வாழைநார் முடிச்சுகளில் கந்தலாகத் தொங்கின. நடுநடுவே, கிள்ளுவாரில்லாத நிம்மதியில், பச்சைப் பசேலென்று பாகல் காய்த்துக் குலுங்கியது.

“இந்த முடிச்சைப் போட்டது யார்?” என்றார் ராஜா.

“கா... காற்று, பிரபோ,” என்றார் திருமேனிநாதர்.

“காற்றுக்கு இரட்டை முடிச்சு போடத் தெரியுமா?”

திருமேனிநாதர் தடாலென்று காலில் விழுந்து எல்லாவற்றையும் கக்கினார். ராஜாவின் முகம் சுண்டிப்போனது. “அப்படியானால் நான் எதையுமே விளைவிக்கவில்லையா?” என்று கேட்டார்.

மாயக்காவுக்கே மனசு இளகிவிட்டது. “ஏன் மகராசா, இந்தப் பாகக்காய் யாரு ஊன்றின விதை? இது பூராவும் உங்க கைதான்.”

ராஜா அன்றே வறுக்கச் சொல்லித் தின்றார். கசப்பில் கண்ணீர் வந்தது. “பிரமாதம்!” என்று மறுபடியும் போட்டுக்கொண்டார். சந்தையை மூடும் உத்தரவு கிழிபட்டது. திருமேனிநாதருக்கு, உடல்நலத்தை முன்னிட்டு, மூன்று வேளையும் பாகற்காய் என்று புது உத்தரவு பிறந்தது.

“உனக்கு என்ன வேண்டும்?” என்று மாயக்காவைக் கேட்டார் ராஜா.

“சந்தையில வெயில் தாங்கல, ஒரு கூரை போட்டுக் குடுங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்களே போட வேணாம் சாமி. வேலை தெரிஞ்சவங்களை விட்டுப் போடச் சொல்லுங்க,” என்றாள்.

கூரை போட்ட முதல் வெள்ளிக்கிழமை ராஜாவே கூடையோடு சந்தைக்கு வந்து மாயக்கா கடை முன்னால் குந்தினார்.

“என் கையால் விளைந்த பாகற்காய். நாலு தருகிறேன், ஒரு புடலங்காய் கொடு.”

மாயக்கா ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ராசா காயின்னாலும் பூச்சி அரிச்சிருக்கே சாமி. பத்து குடுங்க.”

“எட்டு.”

“பத்துன்னா பத்துதான்.”

ராஜா பெருமூச்சு விட்டு, பத்தையும் தாமே பொறுக்கி வைத்தார்.