செவலைமேல் விழுந்த பேன் பழி

ஒரு வீட்டின் குளியலறை மாடத்தில் ஈருளி ஒன்று இருந்தது. நெருக்கமான பற்கள் கொண்ட மரச்சீப்பு. தலையிலிருந்து பேனையும் ஈரையும் வாருவதே அதன் பிழைப்பு. பிழைப்பு என்னவோ கொலைதான். ஆனால் மனசு குழந்தை மனசு. எதைக் கண்டாலும் வாய்பிளந்து நிற்கும்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரே ரகளை. பூரணியின் தலை முழுக்கப் பேன். அவளுடைய அப்பா சங்கரபாண்டி வீட்டு நாய் செவலையின் சங்கிலியோடு நின்றார்.

"எல்லாம் இந்தச் செவலையால வந்த வினை. நாய்ப் பேன்தான் பிள்ள தலையில ஏறியிருக்கு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருதேன்."

பூரணி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"செத்த பொறுங்க" என்றாள் அவள் அம்மா பேச்சித்தாய். "மொதல்ல பிள்ள தலையப் பாத்துருவோம்."

மாடத்தில் சீத்தாப்பழக் கொட்டை துள்ளியது. "என்னை அரைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரே தேய்ப்பு, பூண்டோடு காலி!"

"கூடவே பிள்ளையின் கண்ணும் காலி" என்றது பக்கத்தில் கிடந்த மஞ்சள். "உன் சாறு கண்ணில் வடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா?"

பேச்சித்தாயின் கையும் கொட்டைப் பக்கம்தான் முதலில் போனது. பிறகு என்ன நினைத்தாளோ, அதை விட்டுவிட்டுத் தேங்காயெண்ணெயையும் ஈருளியையும் எடுத்தாள். வேப்பிலை ஒரு பானையில் கொதித்துக்கொண்டிருந்தது.

எண்ணெய் ஊறிய தலைக்குள் ஈருளி இறங்கியது. ஒற்றை மயிரில் ஓர் ஈர் ஒட்டிக்கொண்டிருந்தது. எள்ளில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தப் பிடி! எண்ணெய்க்கும் மசியவில்லை, தண்ணீருக்கும் நழுவவில்லை. ஈருளிக்குக் கும்பிடத் தோன்றியது. கை இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது.

அடுத்த வாரலில் கிழட்டுப் பேன் ஒன்று பற்களுக்கிடையில் சிக்கியது.

"நாயிடமிருந்துதானே வந்தாய்? உண்மையைச் சொல்" என்றது ஈருளி.

"நாயா? அது எப்படி இருக்கும்?"

"நாலு கால், ஒரு வால்..."

"நான் கண்டதே இல்லை. என் அம்மா பிறந்தது மனுசத் தலையில். அவளுடைய அம்மாவும் அப்படியே. மனுசன் குகையில் கிடந்தபோதும் அவன் தலையில் நாங்கள் இருந்தோம். கிரீடத்துக்கு அடியிலும் இருந்தோம், சும்மாட்டுக்கு அடியிலும் இருந்தோம். வேறு எந்த உடம்பில் விட்டாலும் பட்டினியில் செத்துப்போவோம். இவ்வளவு பெரிய உலகத்தில் எங்களுக்கு மனுசனை விட்டால் நாதி கிடையாது."

ஈருளி வாய்பிளந்தது. எத்தனை ஆயிரம் தலைமுறை! அத்தனையும் ஒரே வாசலை நம்பி, ஒரே கூரையின் கீழ். இத்தனை காலம் தான் வாரித் தள்ளியது இவ்வளவு பழைய வம்சத்தையா என்று அதற்கு உடம்பே சிலிர்த்தது.

"அப்படியானால் பூரணியிடம் எப்படி வந்தாய்?"

"பக்கத்துத் தலையிலிருந்து. ஒட்டிப் படுத்திருந்தார்கள், நடந்து வந்துவிட்டேன்."

ஈருளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் மனிதர்களிடம் சொல்ல அதற்கு நாக்கு ஏது? சங்கிலி செவலையின் கழுத்தில் மாட்டியாகிவிட்டது. ஈருளி தவித்துப்போனது.

பேச்சித்தாய் பேனை வெள்ளைத் துண்டில் தட்டினாள். செவலையின் காதுமடலிலிருந்து ஒன்றைப் பக்குவமாகப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க பாருங்க. இது தட்டையா, வெளுப்பா இருக்கு. நாய்கிட்ட இருக்கது ஆமணக்கங்கொட்ட மாதிரி உருண்டையா இருக்கு. இது பேன், அது உண்ணி. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

சங்கரபாண்டி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "ஏட்டி, அப்ப பிள்ளைக்கு எங்க இருந்து வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தார்.

பேச்சித்தாய் அந்தக் கையையே பார்த்தாள்.

"இப்பிடிக் கொஞ்சம் உக்காருங்க."

ஈருளி ஒரு வாரல்தான் வாரியது. வெள்ளைத் துண்டில் விழுந்தவை நாலாபக்கமும் நடந்தன. பூரணி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சங்கரபாண்டி சங்கிலியை அவிழ்த்தார். ஆறிய வேப்பிலைத் தண்ணீரில் முதல் குளியல் செவலைக்கு.

நாயைத் துரத்துவேன் என்ற வாய்க்கு ஒரு சாண் மேலேதான் அத்தனை பேனும் குடியிருந்தது.