காட்டுப்பன்றி பேரம் பேசி வாங்கிய நடை

மலையடிவாரக் காட்டில் சடையாண்டி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அதற்குக் கோபம் மூக்கு நுனியில். பேரம் நாக்கு நுனியில்.

எதை எடுத்தாலும் பேரம்தான். நாவல் மரத்தடிக்குப் போனால், "என்ன, பத்துப் பழம் போட்டிருக்கே? பதினஞ்சாப் போடு!" என்று மரத்தையே அதட்டும். தற்செயலாக ஒரு காற்று அடித்து இன்னும் நாலு பழம் விழும். "பாத்தியா? பேசினாத்தான் நடக்கும்!" என்று மனைவி வெள்ளத்தாயிடம் மார்தட்டும்.

ஓடைக்கரையில் சடையாண்டிக்கு ஒரு கிழங்கு மேடு இருந்தது. சும்மா வந்த இடம் இல்லை. தாயில்லாத குட்டியாக வந்து, கல்லையும் முள்ளையும் மூக்காலேயே புரட்டி, கரடியிடம் அறை வாங்கி, யானையிடம் உதை வாங்கிப் பிடித்த இடம். வெயில் காலம் வந்தால் காட்டில் ஒரு புல்கூட மிஞ்சாது. அந்த மூன்று மாதமும் சடையாண்டி, வெள்ளத்தாய், ஐந்து குட்டிகள், ஆக ஏழு வயிறும் அந்த மேட்டை நம்பித்தான் இருந்தன. அதனால் ஒன்று வெளியே போனால் இன்னொன்று காவல். இதில் மட்டும் பேரமே கிடையாது.

பங்குனி பிறந்த மறுநாள் காலையில் முத்துப்பேச்சி என்ற முள்ளம்பன்றி மேட்டுக்கு வந்தது. பின்னால் அதன் தம்பிகள் நாலு பேர்.

"அண்ணாச்சி! ஆரோக்கிய நடைக்கு வாறீகளா? ஒரே நாள் நடை. மூச்சுப் பயிற்சி, கசப்புச் சாறு, மண் குளியல், முள் வைத்தியம் எல்லாம் உண்டு. உடம்பு பஞ்சாப் பறக்கும்!"

"எனக்கென்ன கேடு? நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

"கல்லுதான் அண்ணாச்சி. ரெண்டடி ஓடினா அந்தக் கல்லுக்கு மூச்சு வாங்குதுன்னு ஓடைக்கரை முழுக்கப் பேச்சு."

"எவன் பேசினான்? அவனைக் கூப்பிடு, குடலை உருவுறேன்!" என்று சடையாண்டி குதித்தது. ரெண்டு குதி குதித்ததும் மூச்சு வாங்கியது. அதை மறைக்க வேறு பேச்சு எடுத்தது. "சரி, அதுக்கு என்ன கேக்குற?"

"ஆளுக்கு ரெண்டு கிழங்கு."

"ரெண்டா! நடக்கப்போறது என் காலு. விடப்போறது என் மூச்சு. உனக்கு எதுக்கு ரெண்டு கிழங்கு? ஒண்ணு தாறேன்!"

"கட்டுப்படியாகாது அண்ணாச்சி. நாங்க வாறோம்" என்று முத்துப்பேச்சி திரும்பி நடந்தது.

போகிறவளைக் கூப்பிட்டால் பேரம் தோற்றது என்று அர்த்தம். அது சடையாண்டிக்குத் தெரியும். கொஞ்சம் தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தது. முத்துப்பேச்சி திரும்பவே இல்லை. சடையாண்டி குரலை உயர்த்தியது.

"ஏய், நில்லு! ரெண்டே தாறேன். ஆனா அந்த ரெண்டுக்கு என் பொண்டாட்டியும் வருவா. குட்டி அஞ்சும் வரும்!"

முத்துப்பேச்சியின் முட்கள் சலசலவென்று குலுங்கின. ஒரு தம்பி என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். முத்துப்பேச்சி அவன் காலை ஓங்கி மிதித்தது.

"ஐயையோ அண்ணாச்சி, என் வயித்துல அடிக்காதீக! அண்ணி பாவம், வீட்டுல இருக்கட்டுமே!"

"வந்தா ஏழு பேரு. இல்லேன்னா நடையைக் கட்டு!"

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. "உங்ககிட்டப் பேசி எவ ஜெயிப்பா? சரி, வாங்க."

வெள்ளத்தாய் பக்கத்தில் வந்து முனகியது. "ஏங்க, ஏழு பேரும் போயிட்டா மேட்டை யாரு பாக்கறது?"

"அடி போடி! ரெண்டு கிழங்குக்கு ஏழு பேருக்கு ஆரோக்கியம்! இந்தக் காட்டுல எவன் வாங்கியிருக்கான்?"

"எனக்கு ஆரோக்கியம் இருக்கு. கிழங்கு இருந்தாப் போதும்."

"உச்சிவெயிலுக்குள்ள வந்துரலாம் அண்ணி" என்றது முத்துப்பேச்சி, தேன் ஒழுக.

கிளம்பும்போது தம்பிகள் நாலு பேரில் மூன்று பேர்தான் இருந்தார்கள். வெள்ளத்தாய் கவனித்தது. சடையாண்டி கவனிக்கவில்லை. அது எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் போய்க்கொண்டிருந்தது.

வழியில் ஓர் எருமையும் ஓர் ஓணானும் சேர்ந்துகொண்டன. எருமைக்கு எதிலும் அவசரம் இல்லை. ஓணான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டும்.

முதல் நிறுத்தம் ஒரு கரையான் புற்று.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. பத்து எண்ணினதும் விடுங்க" என்றது முத்துப்பேச்சி.

"எருமைக்கும் பத்து, எனக்கும் பத்தா? அது மூக்கு எம்மாம் பெருசு! பத்துலேயே குடம் காத்து உள்ள போயிரும். எனக்கு முப்பது குடு!"

"முப்பதுன்னா நேரமாகுமே அண்ணாச்சி."

"ஆகட்டும்! நேரம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

ஓணான் தலையை ஆட்டியது. சடையாண்டி மூச்சைப் பிடித்தது. பதினைந்தில் முகம் சிவந்தது. இருபதில் கண் பிதுங்கியது. இருபத்தைந்தில் காடு தலைகீழாகச் சுற்றியது. முப்பதில் தொப்பென்று புற்றின்மேல் விழுந்தது. கரையான்கள் காதுக்குள் புகுந்துகொண்டன. "முப்பதும் முழுசா வாங்கிட்டேன்!" என்று தரையில் கிடந்தபடியே சொன்னது.

அடுத்து கசப்புச் சாறு. வேப்பங்கொழுந்தும் நிலவேம்பும் சேர்த்து இடித்தது. ஆளுக்கு ஒரு தொன்னை. எருமை குடித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஓணானுக்குத் தலை ஆட்டுவது நின்றுபோய் வால் ஆட ஆரம்பித்தது.

சடையாண்டி ஒரே மடக்கில் குடித்தது. உடம்பு ஒரு முறை உதறியது. நாக்கு தானாகவே வெளியே வந்துவிட்டது. அப்படியே தொன்னையை நீட்டியது.

"கொசுறு?"

"அண்ணாச்சி, இது கசப்புச் சாறு..."

"என்ன சாறா இருந்தா எனக்கென்ன? கொசுறு இல்லாம நான் எதையும் வாங்கினதில்லை! ஊத்து!"

முத்துப்பேச்சி ஊற்றியது. வெள்ளத்தாய் தன் பங்கை நைசாகப் புதரில் கொட்டியது. அதைப் பார்த்த சடையாண்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "விலை குடுத்ததைக் கொட்டுறாளே!" என்று ஓடிப்போய்ப் புதரை இலை இலையாக நக்கியது.

மூன்றாவது மண் குளியல். முத்துப்பேச்சி கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தைப் பார்த்ததும் சடையாண்டிக்குக் கண் சிவந்தது.

"இது நான் தினமும் புரளுற சேறு! யாரை ஏமாத்தப் பாக்குற?"

"அது புரளுறது அண்ணாச்சி. இது குளியல்."

"என் சேத்தை எனக்கே விக்கிறியா? அப்ப மத்தவங்களை விட எனக்கு ரெண்டு பங்கு நேரம் வேணும்!"

இரண்டு பங்கு நேரம் கிடைத்தது. தினமும் இலவசமாகப் புரண்ட சேற்றில் சடையாண்டி அன்று ஒரு துளி விடாமல் கணக்காகப் புரண்டது. எழுந்து பார்த்தால் தம்பிகளில் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கே மத்தவனுக? காலையில நாலு பேரு இருந்தானுகளே!"

"ஒருத்தனுக்கு வயித்துவலி. ஒருத்தனுக்குச் சளி. ஒருத்தன் மாமியார் வீட்டுக்குப் போயிட்டான் அண்ணாச்சி."

வெள்ளத்தாயின் காதுகள் நிமிர்ந்தன. "ஏங்க, எனக்கு ஒண்ணும் சரியாப் படல. நான் வீட்டுக்குப் போறேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்று சடையாண்டி கத்தியது. ஆனால் அது சொன்னது வேறு. "ஆளைக் குறைச்சா சரக்கைக் கூட்டணும்! முள் வைத்தியத்துல மத்தவங்களுக்கு எத்தனை முள்ளு?"

"அஞ்சு."

"எனக்கு முப்பது!"

"வலிக்கும் அண்ணாச்சி..."

"வலிச்சா எனக்குத்தானே வலிக்குது? குத்து!"

முத்துப்பேச்சி முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே வந்து ஒரு மோது மோதியது. முப்பது என்ன, நாற்பது முள் ஏறியது. சடையாண்டி போட்ட சத்தத்தில் மூன்று மரத்துக் குரங்குகள் ஊர் மாறிப் போயின. கண்ணில் நீர் வழிய, சடையாண்டி வெள்ளத்தாயைப் பார்த்துக் கண்ணடித்தது. "பத்து முள்ளு கூடுதலா வந்திருக்கு. அவளுக்கு எண்ணத் தெரியல. வாயைத் திறக்காதே!"

சூரியன் உச்சிக்கு வந்தது. எருமையும் ஓணானும் விடைபெற்றுக் கிளம்பின.

"அவ்வளவுதான் அண்ணாச்சி, நடை முடிஞ்சது" என்றது முத்துப்பேச்சி.

வெள்ளத்தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியது. ஆனால் சடையாண்டி நான்கு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டது.

"முடிஞ்சுதா? ஒரு நாள் நடைன்னு சொன்னே. இது அரை நாள்! மீதி அரை நாளை யாரு குடுப்பா?"

"உச்சிக்குள்ள முடியும்னு காலையிலேயே சொன்னேனே! இனி மிஞ்சியிருக்கறது மொட்டைப் பாறையைச் சுத்தற நடைதான். வெயில்ல யாரும் போகமாட்டாக. ஆளுக்கு ஒரு சுத்து உண்டு. வேண்டாம்னா விட்டுருங்க."

"வேண்டாம்னு நான் எதையும் விட்டதில்லை! ஏழு பேருக்கு ஏழு சுத்து! நட!"

"நீங்க சுத்துங்க. நான் போறேன்" என்றது வெள்ளத்தாய்.

"அண்ணி போறாகளா? அப்ப ஆறு சுத்துதான்" என்றது முத்துப்பேச்சி, ரொம்ப வருத்தமாக.

அவ்வளவுதான். சடையாண்டி பாய்ந்துபோய் வெள்ளத்தாயை வழி மறித்தது. "ஒரு அடி நகர்ந்தே, பாரு! ஒரு சுத்து போச்சுன்னா உன்னாலதான்! நான் நாயாப் பேயாக் கத்திச் சம்பாதிச்சது!"

வெள்ளத்தாய் அதை ஒரு பார்வை பார்த்தது. சடையாண்டி கல்லாக இருந்தால் அந்தப் பார்வைக்கு வெடித்திருக்கும். பன்றியாக இருந்ததால் தப்பித்தது. வெள்ளத்தாயும் நடந்தது.

ஏழு சுற்று. பாறை சுட்டது. குளம்பு கொப்பளித்தது. மூன்றாவது சுற்றில் குட்டிகள் அழுதன. ஐந்தாவது சுற்றில் சடையாண்டிக்குத் தான் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்றே தெரியவில்லை. அப்போதும், "பாறையை ஒட்டிக் குறுக்கே போகாதே! சுத்து குறையும்!" என்று முத்துப்பேச்சியை அதட்டியது. கடைசித் தம்பியும் எப்போது காணாமல் போனான் என்று யாருக்கும் தெரியாது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஏழும் நொண்டிக்கொண்டு வீடு வந்தன.

மேட்டைக் காணோம்.

மேடு இருந்த இடத்தில் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஒரு குட்டி ஒரு பள்ளத்தில் விழுந்தது. அதைத் தூக்கப் போன இன்னொரு குட்டி அடுத்த பள்ளத்தில் விழுந்தது. கிழங்கு ஒன்றுகூட இல்லை. கிழங்கின் வேர்கூட இல்லை. புரட்டிப்போட்ட மண்ணில் அங்கங்கே கறுப்பும் வெளுப்புமாக முட்கள் கிடந்தன.

"கொசுறாக்கூட ஒண்ணு வைக்கல" என்றது வெள்ளத்தாய்.

சடையாண்டி முள் குத்திய முதுகோடு பறந்தது. முத்துப்பேச்சியின் குகை வாசலில் தம்பிகள் நாலு பேரும் வயிறு முட்டி மல்லாந்து கிடந்தார்கள். ஒருவன் ஏப்பம் விட்டான்.

"அடியே கள்ளி! வெளியே வா! உன்னைக் கிழிச்சு..."

முத்துப்பேச்சி நிதானமாக வந்தது. தம்பிகள் படுத்த இடத்திலேயே முட்களை விரித்தார்கள். நாற்பது முள்ளின் வலி என்னவென்று சடையாண்டிக்கு இப்போது தெரியும். கால் தானாகவே நின்றது.

"கத்தாதீக அண்ணாச்சி. உள்ளதைச் சொல்றேன். அரை நாள் உங்களை வெளியே கூட்டிட்டுப் போனா, அண்ணி கண்ணுல படாம மேட்டு ஓரத்துல நாலு கிழங்கு தோண்டலாம்னுதான் நாங்க நினைச்சோம். அண்ணி பல்லுன்னா எங்களுக்கு அவ்வளவு பயம். நாலே நாலு! அண்ணியை இழுத்துட்டு வந்தது யாரு? போறேன்னவளை வழி மறிச்சது யாரு? சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுத்தது யாரு? நான் ஒவ்வொண்ணுக்கும் வேண்டாம்னு சொன்னேன். நீங்க விட்டீகளா?"

சடையாண்டி முன்காலால் மண்ணைக் கிளறியது.

"நீங்க கேட்டதுல ஏதாவது குறைஞ்சுதா, சொல்லுங்க" என்றது முத்துப்பேச்சி.

சடையாண்டி யோசித்தது. மூச்சு முப்பது. சாறு ரெண்டு தொன்னை. சேறு ரெண்டு பங்கு. முள் பத்து கூடுதல். சுற்று ஏழு. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் குறையவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அது உட்கார்ந்து ஓவென்று அழுதது.

முத்துப்பேச்சிக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. "அழாதீக அண்ணாச்சி. நாளைக்கு மனசு தேறுறதுக்குன்னு ஒரு நடை வச்சிருக்கேன். உங்களுக்குன்னா சும்மாவே கூட்டிட்டுப் போறேன்."

அழுகை சட்டென்று நின்றது. சடையாண்டியின் ஒரு காது மெல்ல நிமிர்ந்தது.

"சும்மாவா? குட்டிகளுக்கும் சேர்த்தா?"

பின்னாலேயே வந்து நின்றிருந்த வெள்ளத்தாய் அந்தக் காதை அப்படியே கவ்வியது. கவ்வியபடியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

அந்த வெயில் காலம் முழுக்க ஏழும் ஒரு வாய் வேருக்காக மலை மலையாக அலைந்தன. அந்த நடைக்கு யாரும் அவற்றிடம் எதுவும் கேட்கவில்லை.

தனக்குத் தேவையே இல்லாததைச் சண்டை போட்டு அதிகமாக வாங்குகிறவன், தன் உயிருக்குத் தேவையானதை அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவான்.