அம்புக்குறியில் இரண்டு கை

“குருவே, ஒரே வேலையில ரெண்டு பேரு கை வச்சா வெளங்குமா?”

கேட்டுக்கொண்டே கடைக்குள் வந்தார் சீடர் ஆவுடையப்பன். வயது ஐம்பது. சென்னையில் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர்.

குரு நூருன்னிசாவுக்கு முப்பத்து நான்கு. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். இந்தத் தொழிலில் குரு சீடர் வயதெல்லாம் தலைகீழாகத்தான் இருக்கும்.

“என்னண்ணே ஆச்சு?”

“நான் படம் போடுறது பழைய புரோகிராம். புதுக் கம்ப்யூட்டர்ல ஓடாது. அம்பாசமுத்திரத்துல அப்பா வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் ஓடும். இங்கருந்தே அதுக்குள்ள போய் ஓட்டுறேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

“ஆமா.” கூடு விட்டுக் கூடு பாயும் அந்த வித்தையை ஒரே மதியத்தில் கற்றுக்கொடுத்திருந்தார் குரு.

“நான் கோடு இழுக்கும்போது அங்க அப்பா மவுஸைப் புடிச்சு ஆட்டுறாரு. சுவரெல்லாம் கோணலாயிடுது.”

“எதுக்கு ஆட்டுறாரு?”

“நான் உள்ள வந்ததும் அம்புக்குறி தானா நகருமில்ல? அதைப் பாத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடுவாரு. நான் இந்தப் பக்கம் இழுத்தா அவரு அந்தப் பக்கம் இழுப்பாரு. ஒரே சிரிப்பாம், அம்மா சொல்றா. எனக்கு வேலை கெடுது.”

குரு சீடரின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

“அந்தப் பக்கத்து மவுஸைக் கட்டிப்போடலாம்ணே. ஒரு கட்டத்துல டிக் போட்டாப் போதும். போடணுமா?”

“அதுக்குத்தானே வந்தேன்.”

குரு கட்டத்தைக் காட்டினார். சீடர் டிக் போட்டார்.

அதன்பிறகு கோடுகள் நூல் பிடித்தாற்போல் வந்தன. அப்பாவைப் பற்றி நினைக்க வேண்டிய வேலையே வரவில்லை.

மழைக்காலம் முடிந்து சீடர் மறுபடி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“அந்த டிக்கை எடுத்துட்டேன் குருவே.”

“எப்போ?”

“தீபாவளிக்கு. ஊருக்குப் போக முடியல. சரி, அப்பா அம்புக்குறியையாவது புடிச்சு ஆட்டிக்கட்டும்னு எடுத்துவிட்டேன்.”

“ஆட்டினாரா?”

“இல்ல. தினமும் வேலை முடிஞ்சதும் அம்புக்குறியை நடுவுல நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன். அசையவே மாட்டேங்குது.”

“மவுஸ் வயர் கழண்டிருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சு அம்மாகிட்டக் கேட்டேன்.” அம்மா சொன்னதை அப்படியே சொன்னார். “‘வயரெல்லாம் சரியாத்தாம்ல இருக்கு. அவுக அப்பமே ஆட்டி ஆட்டிப் பாத்தாக. அசையலன்னதும், புள்ளைக்கு எடைஞ்சல் போலன்னு விட்டுட்டாக. இப்ப மவுஸத் தொடுறதே இல்ல. கையை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா பாத்துக்கிட்டு இருக்காக’ங்கா.”

சீடர் தன் லேப்டாப்பைத் திறந்தார்.

“தப்புப் பண்ணிட்டேன். இதைச் சரி பண்ண வேற ஏதாவது கட்டம் இருக்கா குருவே? எங்க டிக் போடணும், சொல்லுங்க.”

குரு எழுந்து, சீடருக்கு முன்னால் இருந்த லேப்டாப்பை மூடினார்.

“டிக்கை எடுத்தது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்ணே,” என்றார். “அப்பாவுக்கு யாரு சொன்னா?”